வறியவருக்குக் கொடுப்பது கொடையா, கடனா: ‘திருச்சபையின் சமூகப் போதனைத் தொகுப்பு’ நூலுக்கு ஒரு மதிப்புரை

உணவு, குடிநீர், உறைவிடம், மருத்துவம், கல்வி ஆகியவை கிடைக்காத மக்களுக்கு அவற்றைக் கிடைக்கச் செய்வது யாருடைய கடமை, அதில் அரசு எவ்வளவு தூரம் செல்லலாம், எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்ற கேள்விகளுக்குக் கத்தோலிக்க நம்பிக்கை என்ன சொல்கிறது என்று அறிய விரும்புவோர், திருத்தந்தையர் (போப்பாண்டவர்கள்) பல காலங்களில் திருச்சபை முழுவதற்கும் எழுதிய சுற்றுமடல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்க வேண்டியிருந்த நிலையை மாற்றிய நூல் இது. வத்திக்கானின் துறைகளுள் ஒன்றாக இருந்த நீதி மற்றும் அமைதிக்கான திருப்பீட அவை 2004ஆம் ஆண்டு வெளியிட்ட இந்தத் தொகுப்பை நான் மூன்று முறை முழுமையாகப் படித்திருக்கிறேன். முதல் முறை, நம்பிக்கையாளன் என்ற முறையில் தொடக்கத்திலிருந்து இறுதிவரை வரிசையாகப் படித்தேன். அடுத்த இரு முறைகளும், அடிப்படைத் தேவைகளைப் பற்றிய பொதுக் கொள்கைகளை எடைபோட இது எந்த அளவுக்கு உதவும் என்ற ஒரே கேள்வியோடு படித்தேன். அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையையே இங்கே எழுதுகிறேன்; போர், குடும்பம், பண்பாடு ஆகியவை பற்றி நூல் சொல்வதை இம்மதிப்புரை தொடவில்லை.

நூல் உருவான வரலாற்றை முதலில் சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்கக் கண்டத்துத் திருச்சபையைப் பற்றி 1999இல் வெளியிட்ட மடலில், சமூகப் போதனை முழுவதையும் தொகுத்துத் தரும் நூல் ஒன்று மிகவும் பயன்படும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குறிப்பிட்டார். அப்பணியின் கடினமான முதற்கட்டத்தை வழிநடத்தியவர், அப்போது அந்த அவையின் தலைவராக இருந்த வியட்நாமியக் கர்தினால் பிரான்சுவா சேவியர் நூயென் வான் துவான். 1975 முதல் 1988 வரை பதின்மூன்று ஆண்டுகள் விசாரணையே இன்றிச் சிறைப்பட்டு, அவற்றுள் ஒன்பது ஆண்டுகளைத் தனிமைச் சிறையில் கழித்தவர் அவர். மனிதனிடமிருந்து எல்லாம் பறிக்கப்பட்ட பிறகும் எஞ்சி நிற்கும் மாண்பு என்பது என்ன என்பதைப் புத்தகத்தில் படிக்காமல் உடலால் அறிந்திருந்த ஒருவர் இதன் தொடக்கத்தில் இருந்திருக்கிறார் என்ற செய்தி, மனித மாண்பைப் பேசும் மூன்றாம் இயலைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருகிறது. அவர் 2002இல் நோயுற்று இறந்தார். அவருக்குப் பின் வந்த கர்தினால் ரெனாத்தோ மார்த்தினோ பணியை நிறைவு செய்தார்.

நூலின் அமைப்பு எளிமையானது. முன்னுரையும் முடிவுரையும் நீங்கலாக மூன்று பகுதிகள், பன்னிரண்டு இயல்கள்; பத்திகள் அனைத்துக்கும் 1 முதல் 583 வரை தொடர் எண் இடப்பட்டுள்ளது. எந்த மொழியில், எந்தப் பதிப்பில் படித்தாலும் இந்த எண்கள் மாறாதவை என்பதால், வெவ்வேறு பதிப்புகளை வைத்திருக்கும் வாசகர்கள் ஒருவருக்கொருவர் இடஞ்சுட்டிப் பேசுவது எளிதாகிறது. வத்திக்கான் இணையதளத்தில் முழு நூலும் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆயினும் அச்சுப் பதிப்பை வாங்குமாறே பரிந்துரைப்பேன். காரணம், அதன் இறுதியில் உள்ள பொருளடைவு. அது நீளமானது, பொறுமையோடு தயாரிக்கப்பட்டது. நூலின் பெரிய குறைபாடு ஒன்றை, அதாவது ஒரே பொருளைப் பற்றிய கருத்துகள் பல இயல்களில் சிதறிக் கிடப்பதை, ஓரளவு ஈடுசெய்வதும் அதுவே.

அடிப்படைத் தேவைகளைப் பற்றி அறியவே இந்நூலை எடுப்பவர் முதல் இயலிலிருந்து தொடங்க வேண்டாம். இறையியல் அடித்தளத்தை விளக்கும் முதலிரு இயல்களும் ஆழமானவைதாம். ஆனால் அவற்றின் நடை அடர்த்தியானது. கொள்கை பற்றிய கேள்வியோடு வருபவர் அங்கேயே சோர்ந்துவிடக்கூடும். நான்காம் இயலைத் திறந்து எண் 160 முதல் படிக்கத் தொடங்கலாம். மனித மாண்பு, பொது நன்மை, துணைநிலை (சிறிய அமைப்பால் முடிவதை அதனிடமே விட்டு, முடியாததற்குப் பெரிய அமைப்பு துணைநிற்பது), தோழமை (ஒருவர் நலனுக்கு அனைவரும் பொறுப்பேற்பது) ஆகிய நான்கு கோட்பாடுகளும் அங்கே அறிமுகமாகின்றன. இவை தனித்தனித் தூண்கள் அல்ல, ஒன்றையொன்று தாங்குபவை என்று நூல் வலியுறுத்துகிறது. இந்த வலியுறுத்தல் வெறும் முறைக்காகச் சொல்லப்பட்டது அன்று என்பது பின்னர்தான் விளங்கும்.

இந்த நோக்கில் நூலின் மிக முக்கியமான பத்தி எண் 166 என்பது என் கருத்து. பொது நன்மை என்ற சொல்லைப் பேச்சாளர்கள் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் என்ன அடங்கும் என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்குகிறார்கள். இப்பத்தி தயங்கவில்லை. அமைதிக்கான உழைப்பு, அரசு அதிகாரங்களின் சீரான அமைப்பு, உறுதியான சட்ட ஒழுங்கு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றைச் சொன்ன கையோடு, எல்லா மனிதருக்கும் இன்றியமையாத சேவைகளைக் கிடைக்கச் செய்வதையும் பொது நன்மையின் கோரிக்கையாக அது வைக்கிறது. உணவு, உறைவிடம், வேலை, கல்வி, பண்பாட்டில் பங்கு, போக்குவரத்து, அடிப்படை மருத்துவம், கருத்துப் பரிமாற்றத்துக்கும் வெளிப்பாட்டுக்கும் உள்ள சுதந்திரம், சமயச் சுதந்திரத்துக்கான பாதுகாப்பு என்று பட்டியல் நீள்கிறது. அவற்றுள் சில மனித உரிமைகளும் ஆகும் என்ற குறிப்பும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. போக்குவரத்து இப்பட்டியலில் இடம்பெற்றிருப்பது முதன்முறை படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மருத்துவமனை இருந்தும் அங்கே போய்ச்சேர வழியில்லாத நோயாளியை எண்ணிப் பார்த்தபோது, வியப்பு நன்றியாக மாறியது.

இப்பட்டியல் 2004இல் புதிதாக எழுதப்பட்டது அன்று. திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1963 ஏப்ரல் 11 அன்று வெளியிட்ட ‘பாச்செம் இன் தேரிஸ்’ சுற்றுமடலின் 11ஆம் எண், உயிர் வாழும் உரிமையோடு உணவு, உடை, உறைவிடம், ஓய்வு, மருத்துவம், தேவையான சமூகச் சேவைகள் ஆகியவற்றுக்கான உரிமையையும் சேர்த்தே பேசியது. நோய், உடல் ஊனம், கைம்மை, முதுமை, வேலையின்மை எனத் தன் பிழையின்றி வாழ்வாதாரத்தை இழக்கும் எவரும் கவனிக்கப்பட வேண்டும் என்றும் அது சொன்னது. அதன் தொடர்ச்சியாகவே இந்தத் தொகுப்பு நிற்கிறது. அரசியல் அதிகாரம் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு, பொது நன்மைக்காகவே என்று எண் 168 விடை சொல்கிறது. பெரும்பான்மையினரின் விருப்பத்தை மட்டும் பார்க்காமல், சிறுபான்மையினர் உட்பட அனைவரின் உண்மையான நலனையும் ஆட்சியாளர்கள் கருத வேண்டும் என்று எண் 169 அதற்கு வரம்பும் இடுகிறது.

அடுத்ததாக, என் மனத்தை ஆழமாக அசைத்த பகுதிக்கு வருகிறேன். எண் 171 முதல் 184 வரையான பத்திகள், உலகின் வளங்கள் அனைத்தும் எல்லா மனிதருக்கும் உரியவை என்னும் கோட்பாட்டை விளக்குகின்றன. உலகின் பொருள்களைப் பயன்படுத்த எல்லோருக்கும் உள்ள உரிமையே சமூக ஒழுங்கு முழுவதற்கும் முதல் நெறி என்று எண் 172 கூறுகிறது. தனிச்சொத்துரிமையைக் கிறித்தவ மரபு ஒருபோதும் வரம்பற்றதாகவும் தொடமுடியாததாகவும் ஏற்றதில்லை என்று எண் 177 நினைவூட்டுகிறது. சொத்துரிமையை நூல் மறுக்கவில்லை. மனிதனின் சுதந்திரத்துக்கு அது தேவை என்று காக்கவே செய்கிறது. ஆனால் அந்த உரிமையைத் தாங்கி நிற்பது அதனினும் மூத்த வேறோர் உரிமை என்கிறது. பெருநிலங்கள் பயிரிடப்படாமல் சிலர் கையில் கிடக்கும் நாடுகளில் நிலப் பங்கீட்டைப் பற்றி எண் 300 பேசுவதை இந்தப் பின்னணியில் படித்தால்தான், அது அரசியல் கோரிக்கையாக மட்டுமல்லாமல் நம்பிக்கையிலிருந்து பிறந்த கோரிக்கையாகவும் இருப்பது தெரியும்.

எண் 184 இந்தப் பகுதியின் முடிவில் வருகிறது. வறியவர்களுக்கு வேண்டியதை நாம் கொடுக்கும்போது அவர்களுடையதையே அவர்களுக்குக் கொடுக்கிறோமேயன்றி நம்முடையதை அல்ல, இரக்கச் செயல் புரிகிறோம் என்பதைக் காட்டிலும் நீதியின் கடனைத் தீர்க்கிறோம் என்னும் பொருளில், திருத்தந்தை புனித பெரிய கிரகோரி ஆறாம் நூற்றாண்டில் எழுதியது அங்கே எடுத்தாளப்பட்டுள்ளது. நீதியின்படி ஏற்கெனவே சேர வேண்டியதை அன்பின் கொடையாக நீட்டக் கூடாது என்ற, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் எச்சரிக்கையும் அதனோடு சேர்ந்து வருகிறது. கொடுப்பவரின் பெருந்தன்மையைக் கொண்டாடியே பழகிய நம் மனங்களுக்கு இது எளிதில் செரிக்கக்கூடியதன்று. பெறுபவர் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை, கொடுப்பவர் நன்றியை எதிர்பார்க்கும் தகுதியும் உடையவரல்லர் என்பதே இதன் நேர்ப்பொருள். உதவித் திட்டங்களின் விண்ணப்பப் படிவங்கள், தகுதிச் சோதனைகள், நெடிய வரிசைகள் ஆகியவற்றை வடிவமைப்போர் அனைவரும் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுத் தங்கள் மேசைக்குத் திரும்பினால், அத்திட்டங்களின் மொழியே மாறிவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதனோடு இணைத்து எண் 208ஐப் படிக்க வேண்டும். கண்முன் நிற்கும் அயலானின் அவசரத் தேவைக்கு உடனே கைகொடுப்பது ஐயத்துக்கு இடமின்றி அன்புச் செயல்தான். ஆனால் அந்த அயலான் வறுமையில் வீழாதபடி சமுதாயத்தை ஒழுங்குபடுத்த முயல்வதும் அதே அளவுக்குத் தவிர்க்க முடியாத அன்புச் செயல் என்று அது கூறுகிறது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2020இல் வெளிவந்த ‘ஃபிரத்தெல்லி தூத்தி’ சுற்றுமடலில், முதியவர் ஒருவர் ஆற்றைக் கடக்கக் கைகொடுப்பவரையும் அதே ஆற்றின் மேல் பாலம் கட்டும் அரசியல்வாதியையும் ஒப்பிட்டு, இருவர் செய்வதும் பிறரன்பே என்று திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னது இதே கருத்தைத்தான். தொகுப்பு நூல் இவ்வளவு எளிய உவமை ஒன்றைக்கூடத் தருவதில்லை என்பது எனக்குக் குறையே. எனினும் சட்டம், வரி, நிர்வாகம் என்று வறண்டு தோன்றும் துறைகளை அன்பின் களமாக அது அறிவித்திருப்பது, அத்துறைகளில் உழைக்கும் நம்பிக்கையாளர்களுக்கு மிகப் பெரிய ஆறுதல்.

துணைநிலைக் கோட்பாட்டைப் பற்றிய எண் 185 முதல் 188 வரையான நான்கு பத்திகள், நூலில் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுபவை. குடும்பமும் ஊரும் சங்கமும் தாமே செய்யக்கூடியதை மேலே உள்ள பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931இல் ‘குவாத்ரஜேசிமோ அன்னோ’ சுற்றுமடலில் சொன்னதே இதன் ஊற்று. இத்தாலியில் பாசிச ஆட்சி எல்லாவற்றையும் அரசுக்குள் அடக்கிக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது அது என்பதை நினைவில் வைத்தால், அந்தச் சொற்களின் கூர்மை விளங்கும். ஆனால் இக்கோட்பாட்டை மேற்கோள் காட்டி, வறியோருக்கான பொதுச் செலவைக் குறைக்கச் சொல்லும் கட்டுரைகளை நான் பலமுறை படித்திருக்கிறேன். அவற்றை எழுதியோர் எண் 187இல் நின்றுவிடுகிறார்கள். மையக் குவிப்பு, அதிகாரவர்க்கப் போக்கு, மக்களைக் கையேந்தி நிற்கவே பழக்கும் உதவி முறை, அரசின் அளவுமீறிய தலையீடு ஆகியவற்றை அப்பத்தி கண்டிப்பது உண்மை. அதற்கு முன்னும் பின்னும் இருப்பதையும் படிக்க வேண்டுமல்லவா?

முன்னால் உள்ள எண் 186, இக்கோட்பாட்டின் பெயரே உதவி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதை நினைவூட்டி, மேல்நிலை அமைப்புகள் கீழ்நிலை அமைப்புகளைத் தாங்கி, ஊக்குவித்து, வளர்க்கக் கடமைப்பட்டவை என்கிறது. ஒதுங்கிக்கொள்வது அதன் முழுப் பொருளன்று. பின்னால் உள்ள எண் 188 இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. மக்கள் அமைப்புகள் தாமாக எழ முடியாத நிலையில் பொருளாதாரத்தைத் தூண்ட அரசே இறங்க வேண்டி வரலாம். கடும் ஏற்றத்தாழ்வும் அநீதியும் நிலவும் இடத்தில், பொது அதிகாரத்தின் தலையீடு மட்டுமே சமத்துவத்துக்கான சூழலை உருவாக்க முடிவதும் உண்டு. அத்தகைய தலையீடு தேவைக்கு மேல் நீடிக்கக் கூடாது என்ற வரம்பையும், எதைச் செய்வது என்பதை இறுதியில் பொது நன்மையே முடிவு செய்ய வேண்டும் என்ற அளவுகோலையும் அதே பத்தி தருகிறது. பல பக்கங்கள் தள்ளி எண் 351இல்தான் முடிச்சு முழுமையாக அவிழ்கிறது. துணைநிலை இல்லாத தோழமை, எல்லாவற்றையும் அரசே கொடுத்து மக்களைச் செயலற்றவராக்கும் முறையாகச் சீரழியும். தோழமை இல்லாத துணைநிலை, தன் வட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும் தன்னலமாகக் குறுகும் என்கிறது அது. கொள்கை வகுப்போருக்கு இந்நூல் தரும் மிகப் பெரிய கொடை இந்த ஒரு வாக்கியம் என்பேன். இதை நான்காம் இயலிலேயே, துணைநிலையை விளக்கும் இடத்திலேயே வைத்திருந்தால், எல்லாவற்றையும் அரசே செய்யட்டும் என்போரும் அரசு ஒதுங்கட்டும் என்போரும் நூலைப் பாதியாகக் கிழித்து ஆளுக்கொரு பாதியை ஆயுதமாக ஏந்தியிருக்க மாட்டார்கள்.

ஊதியத்தைப் பற்றிய பகுதி நன்றாக அமைந்திருக்கிறது. தொழிலாளியும் முதலாளியும் ஒப்புக்கொண்டார்கள் என்பதனால் மட்டும் ஓர் ஊதியம் நீதியானதாகிவிடாது, அது தொழிலாளியின் வாழ்வாதாரத்துக்குக் கீழே போகக் கூடாது என்று எண் 302 கூறுகிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891 மே 15 அன்று வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் சொன்னதே அது. பசி ஒருவனை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வைக்கும் என்ற உண்மையை அன்றே கண்டுகொண்ட வரி. குடும்பத்தைத் தாங்கி, ஓரளவு சேமிக்கவும் இடந்தரும் ஊதியத்தைப் பற்றி எண் 250 பேசுகிறது. அடிப்படைத் தேவைகளை நிறைவேற்ற முதல் வழி உதவித்தொகை அல்ல, கண்ணியமான வேலையும் போதிய கூலியுமே என்னும் வரிசைமுறை நூல் முழுவதும் ஊடாடுவது எனக்கு உடன்பாடானது.

வரியைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் இருக்கிறது: எண் 355. வரி செலுத்துவது தோழமையின் கடமை, வரிவிதிப்பு நியாயமானதாகவும் அளவானதாகவும் இருக்க வேண்டும், பொதுப் பணத்தைக் கையாள்வதில் துல்லியமும் நேர்மையும் வேண்டும் என்ற மூன்றும் அதில் உள்ளன. மூன்றும் சரியானவை. ஆனால் இன்றியமையாச் சேவைகள் அனைவருக்கும் வேண்டும் என்று எண் 166இல் கேட்ட நூல், அதற்கான பணம் யாரிடமிருந்து, எந்த விகிதத்தில் வர வேண்டும் என்ற கேள்வியை இவ்வளவு விரைவாகக் கடந்து செல்வது நியாயமாகத் தெரியவில்லை. நுட்பத் தீர்வுகள் தன் பொறுப்பல்ல, தனக்குரிய தகுதியோடு மட்டுமே பேசுகிறேன் என்று திருச்சபை சொல்வதை நான் மதிக்கிறேன். நுட்பத்துக்குள் போகாமலே, வறியவர் வாங்கும் உணவுப் பொருளின் மேல் விழும் வரிக்கும் பெருஞ்செல்வத்தின் மேல் விழும் வரிக்கும் இடையே உள்ள அறவேறுபாட்டைப் பேசியிருக்க முடியும்.

இதற்கு நேர்மாறாக, தண்ணீரைப் பற்றிய எண் 484, 485 ஆகியவை நூலின் துணிவான பக்கங்கள். தண்ணீரை மற்றப் பொருள்களைப் போல் இன்னொரு விற்பனைப் பொருளாகக் கருத முடியாது, பாதுகாப்பான குடிநீருக்கான உரிமை எங்கும் எவருக்கும் உரியது, எவராலும் பறிக்க முடியாதது என்று அவை திட்டவட்டமாக அறிவிக்கின்றன. அந்த உரிமையின் அடித்தளம் மனித மாண்பே, தண்ணீரின் பொருளாதார மதிப்பன்று என்றும் சேர்த்துச் சொல்கின்றன. குடிநீரும் துப்புரவு வசதியும் மனித உரிமைகள் என்று ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்றுக்கொண்டது 2010 ஜூலை 28 அன்றுதான். ஆறு ஆண்டுகள் முன்னதாகவே இந்நூல் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஒரு தேவையை எடுத்து, அதன் விவிலிய வேரைக் காட்டி, அது யாருடைய உரிமை என்று சொல்லி, பொது அதிகாரத்தின் பொறுப்பையும் நிறுவும் இந்த முறையை மற்றத் தேவைகளுக்கும் நூல் கையாண்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கையாளவில்லை. உறைவிடத்துக்கென்று தனிப் பகுதி இல்லை. பெருநகரங்களின் மாசடைந்த ஓரங்களில் தற்காலிகக் குடிசைகளிலும் இடிந்து விழும் நிலையிலுள்ள கட்டடங்களிலும் வாழும் ஏழைகளை எண் 482 சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசும்போது நினைவுகூர்வதோடு சரி. வீடற்றோரைப் பற்றி இதே அவை ஐ.நா.வின் வீடற்றோர் ஆண்டையொட்டித் தனி ஆவணமே தயாரித்திருந்த நிலையில், தொகுப்பில் இப்பொருள் இவ்வளவு மெலிந்து போனது வருத்தம் தருகிறது. மருத்துவமும் அவ்வாறே. எண் 166இன் பட்டியலில் ஒரு சொல்லாகவும், ஏழைகள் யார் என்று எண் 182 வரையறுக்குமிடத்தில் பசித்தோர், வீடற்றோர் ஆகியோருடன் மருத்துவ வசதியற்றோர் என்றும் வருகிறது. உலகெங்கும் மருத்துவமனைகளை நடத்திவரும் திருச்சபைக்கு, நோயாளியின் உரிமையையும் அரசின் கடமையையும் பற்றிச் சொல்ல இதைவிட மிகுதியான அனுபவம் உண்டு.

நூலின் வயதும் இன்று தெரியத் தொடங்கிவிட்டது. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்கும், செயலிகள் வழியாக நடக்கும் நிலையற்ற வேலைமுறைக்கும் முந்திய நூல் இது. தட்பவெப்பநிலை காக்கப்பட வேண்டிய பொதுச் சொத்து என்று எண் 470 சொல்கிறது. ஆனால் மனிதச் செயல்பாட்டுக்கும் அதற்கும் உள்ள தொடர்பைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்னும் அளவில் நின்றுவிடுகிறது. எனவே இதை மட்டும் படிப்பது போதாது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009இல் வெளியிட்ட ‘காரித்தாஸ் இன் வெரித்தாத்தே’, திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’, ஏழைகள் மீதான அன்பைப் பற்றித் திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 அக்டோபரில் வெளியிட்ட ‘திலெக்சி தே’ ஆகியவற்றை உடன் வைத்துக்கொள்வது நல்லது. நூலை வெளியிட்ட அவையே 2017இன் தொடக்கத்தில், ஒருங்கிணைந்த மனித வளர்ச்சிக்கான திருப்பீடத் துறையோடு இணைக்கப்பட்டுவிட்டது. புதுப்பித்த பதிப்பு ஒன்றைக் கொண்டுவரும் பொறுப்பு இப்போது அத்துறையைச் சார்ந்தது என்று கருதுகிறேன்.

நடையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மேற்கோளின் மேல் மேற்கோளாக அடுக்கப்பட்ட இந்நூலில், திருத்தந்தையரும் சங்கங்களும் திருச்சபைத் தந்தையர் எனப்படும் தொடக்ககால ஆசிரியர்களும் பேசுகிறார்கள். பசித்திருக்கும் மனிதரின் குரல் கேட்பதில்லை. எடுத்துக்காட்டுகள் மிக அரிது. இருப்பதோ சிறு தொகை, அதைப் பள்ளிக்குத் தருவதா மருத்துவமனைக்குத் தருவதா என்ற நிலையில் ஓர் ஊராட்சி எப்படிச் சிந்திக்க வேண்டும் என்பதைக் காட்டும் ஒரு பக்கம்கூட இல்லை. எடுத்தாளப்பட்ட ஆவணங்கள் எல்லாம் ஒரே அளவு அதிகாரம் உடையவை அல்ல என்று முன்னுரையே எச்சரிக்கிறது. ஆயினும் படித்துச் செல்லும்போது அடிக்குறிப்பைப் பார்க்காமல் அந்த வேறுபாடு தெரிவதில்லை. பழக்கமில்லாத வாசகர் திருச்சபைச் சங்கத்தின் வாக்கையும் ஏதோ ஒரு நிகழ்ச்சிக்கு அனுப்பிய செய்தியையும் ஒரே தட்டில் வைத்துவிடலாம்.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் இதை வாங்கிப் படியுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம், எந்தக் கட்சியின் கொள்கை அறிக்கையாகவும் இதை மாற்றிவிட முடியாது என்பதே. நம்பிக்கையின் கோரிக்கைகள் முழுவதையும் ஒரே அரசியல் நிலைப்பாட்டில் தேடுவது தவறு என்றும், கிறித்தவர் ஒரு கட்சியில் சேர்ந்தாலும் அவர் சார்பு கண்மூடித்தனமானதாக இல்லாமல் என்றும் விமர்சன நோக்கோடு இருக்க வேண்டும் என்றும் எண் 573 கூறுகிறது. வறுமையை இவ்வுலகில் அடியோடு ஒழித்துவிடுவோம் என்று முழங்கும் கருத்தியல்களின் மயக்கத்தை எண் 183 மறுக்கிறது. ‘ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள்’ என்ற இயேசுவின் சொல்லைச் சோம்பலுக்குச் சாக்காகக் கொள்பவர்களுக்கும் அங்கே இடமில்லை. ஏழைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறார்கள், அந்தப் பொறுப்பைக் கொண்டே நாம் தீர்ப்பிடப்படுவோம் என்று அதே பத்தி தொடர்கிறது.

சட்டமன்ற உறுப்பினர்கள், உள்ளாட்சிப் பொறுப்பாளர்கள், பிறரன்புப் பணி அமைப்புகளை நடத்துவோர், சமூக அறிவியல் மாணவர்கள் ஆகியோருக்கு இந்நூல் நிச்சயமாகப் பயன்படும். கத்தோலிக்கர் அல்லாதோரும் நான்காம், ஏழாம், எட்டாம் இயல்களைத் தயக்கமின்றிப் படிக்கலாம். எளிய அறிமுகம் தேடும் இளையோர் 2016இல் கேள்வி-பதில் வடிவில் வந்த ‘டோகாட்’ நூலிலிருந்து தொடங்குவதே நல்லது. தொகுப்பை நேரடியாக எடுப்பவர்கள் முதல் நாள் 166, 184, 188, 208, 351 ஆகிய ஐந்து பத்திகளை மட்டும் படியுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த பொதுத்திட்டம் ஏதேனும் ஒன்றை எடுத்து, அதில் பயனடைபவர் கடன் தீர்க்கப்படுபவராக நடத்தப்படுகிறாரா, கொடை பெறுபவராக நடத்தப்படுகிறாரா என்று எழுதிப் பாருங்கள். இரண்டாம் நாள் எண் 171லிருந்து வரிசையாகத் தொடரலாம்.